கைமாற்று வாங்கும் செல்போன்



சென்ற இதழில் மோர் மிளகாயும் கொத்தவரங்காய் வற்றலும் பூச்சி பிடிக்காமல் வைத்துக் கொள்வது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை, நம் அடுப்படி மேடையில் உப்புச் சாடிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் இன்னொரு சாமானைப் பற்றிச் சொல்லப் போகிறேன். வேறென்ன, செல்போன்தான்!

எங்கள் ராஜபாளையத்தில் நாலு பெண்கள் கூடினால் முன்பெல்லாம் தங்கம் என்ன விலை, துவரம் பருப்பு என்ன விலை என்றுதான் பேச்சு ஓடும். இப்போது, "உங்க போன் எத்தனை ஜி.பி.?" என்கிற கேள்வியும் சேர்ந்து கொண்டது. போன வாரம் எங்கள் தெரு மகளிர் குழுக் கூட்டத்தில் ஒருத்தி, "யக்கா, செட்டிங்ஸ்ல ஒரு இடத்துல தட்டினா 4 ஜி.பி. போன் 8 ஜி.பி. ஆயிருமாம்ல? பைசா செலவில்லையாம்!" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "போடி, அதெல்லாம் சும்மா ஏமாத்து வேலை" என்று அடித்துப் பேசினாள். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது, மீதி எது என்று தெரிந்து வைத்துக் கொண்டால், தவணைக்குப் புதுப் போன் வாங்கும் செலவு சில வீடுகளில் மிச்சமாகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன், கேளுங்கள்.

மேடையும் பரணும்

போனுக்குள் சாமான் வைக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று ராம். இன்னொன்று ஸ்டோரேஜ். கடைக்காரர் "6 ஜி.பி., 128 ஜி.பி." என்கிறாரே, அதில் சின்ன எண் ராம், பெரிய எண் ஸ்டோரேஜ்.

ராம் என்பது நம் சமையல் மேடை மாதிரி. அரிந்த காய், கரைத்த புளி, எண்ணெய்க் கிண்ணம் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். சமையல் முடிந்தால் மேடையைத் துடைத்து விடுகிறோம் அல்லவா? அதே போல, போனை அணைத்தால் ராமில் இருந்ததெல்லாம் போய்விடும். ஸ்டோரேஜ் என்பது பரண். போட்டோ, வீடியோ, பாட்டு, ஆப்கள் எல்லாம் அங்கே மூட்டை கட்டிக் கிடக்கும். போனை அணைத்தாலும் அழியாது.

வாட்ஸ்அப்பைத் தொட்டதும் என்ன நடக்கிறது? பரணில் இருப்பதை இறக்கி மேடையில் வைத்து வேலை பார்க்கிறது போன். யூடியூப்பைத் திறந்தால் அதையும் இறக்குகிறது. பேங்க் ஆப், கேமரா என்று ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க மேடை நிரம்பிவிடும். அப்புறம்? வெகு நேரமாகத் தொடாத ஒன்றை, நம்மைக் கேட்காமலே போன் எடுத்து மூடிவிடும். மறுபடி அதற்குப் போகும்போது ஆரம்பத்திலிருந்து திறக்கும். பாதி படித்த சமையல் குறிப்பு மேலே ஓடிப்போய் முதல் வரியில் நிற்கிறதே, அது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

கைமாற்று எப்படி?

மேடை போதாதபோது பரணில் ஒரு மூலையை ஒழித்து, "இதுவும் மேடைதான்" என்று வைத்துக் கொள்வதற்குத்தான் வர்ச்சுவல் மெமரி என்று பெயர். மேடையில் இப்போதைக்கு வேண்டாததை மூடிவிடாமல், அப்படியே தட்டோடு தூக்கிப் பரணில் வைக்கிறது போன். நாம் கேட்கும்போது திரும்ப இறக்குகிறது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிச் சமாளிக்கிற மாதிரிதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் என்பவரின் குழு, 'அட்லஸ்' என்கிற கம்ப்யூட்டரில் இதைச் செய்து காட்டி, 1962 டிசம்பரில் அந்த இயந்திரம் வேலைக்கு வந்தது. அதன் வேகமான நினைவகத்தில் சுமார் 16 ஆயிரம் சொற்களுக்குத்தான் இடம். சுழலும் உருளைகளில் சுமார் 96 ஆயிரம் சொற்களுக்கு இடம் இருந்தது. உருளை மெதுவானது, ஆனால் விலை குறைவு. இரண்டையும் சேர்த்து ஒரே இடம் போல நடத்தினால் என்ன என்று யோசித்தார்கள். ஆக, இதன் பிறப்பே பற்றாக்குறையைச் சமாளிக்கத்தான்!

செல்போன்களில் 2021-ஆம் ஆண்டு முதல் கம்பெனிகள் இதைப் பெரிதாகச் சொல்ல ஆரம்பித்தன. சாம்சங் 'ராம் பிளஸ்' என்கிறது. விவோ 'எக்ஸ்டெண்டட் ராம்' என்கிறது. ஷாவ்மியில் 'மெமரி எக்ஸ்டென்ஷன்'. பெயர்தான் வேறு வேறு, சரக்கு ஒன்றுதான்.

இதில்லாமல் இன்னொரு தந்திரமும் ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. தற்சமயம் வேண்டாததைச் சுருக்கி மேடையிலேயே ஓர் ஓரமாக வைத்துக் கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். பாலைச் சுண்டக் காய்ச்சினால் பெரிய சட்டிப் பாலும் ஒரு சின்னப் பாத்திரத்துக் கோவாவாக ஒடுங்கிவிடுகிறது பாருங்கள், அந்த மாதிரி. ஒரு வித்தியாசம், கோவாவைத் திரும்பப் பாலாக்க முடியாது. போன் தான் சுருக்கியதைப் பழையபடி விரித்துக் கொள்ளும். அதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், கொஞ்சம் பேட்டரியும் செலவாகும்.

எவ்வளவு மெதுவு?

"அப்படியானால் பரணையே மேடையாக்கிவிட்டால் தீர்ந்தது, எதற்கு இத்தனை யோசனை?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அக்கா மகன் சிரித்துவிட்டான். "சித்தி, ராம்ல இருக்கறத எடுக்க ஆகுற நேரத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஆகும், ஸ்டோரேஜ்ல இருந்து ஒரு துணுக்கை எடுக்க" என்றான்.

ஆயிரம் மடங்கு என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடையில் இருக்கும் உப்புச் சாடியை எடுக்க ஒரு வினாடி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதே உப்பை ஆயிரம் வினாடியில் கொண்டு வருவதென்றால் பதினாறு நிமிஷம் நாற்பது வினாடி ஆகும். ராஜபாளையத்தில் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்புக்காக பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போவது போலத்தான். எப்போதாவது ஒரு தரம் என்றால் சரி. ஒவ்வொரு சிட்டிகைக்கும் போய் வர முடியுமா?

போனுக்கு இந்தக் கணக்கெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் அடங்கிவிடும், நிஜம்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கான தடவை போய் வரும்போது நம் கண்ணுக்கே தெரிகிற மாதிரி தடுமாறும். அதனால் இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்: வர்ச்சுவல் மெமரி போனை வேகமாக்காது. திறந்து வைத்தது மூடிப் போகாமல் காக்கும். அவ்வளவுதான் அதன் உபகாரம். அதற்கும் சில நேரம் பெரிய மதிப்பு உண்டு என்பதை என் நாத்தனார் வீட்டில் கண்ணாரப் பார்த்தேன்.

நாத்தனார் வீட்டில் நடந்தது

என் நாத்தனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு தையல் வேலை பார்க்கிறாள். 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. ஸ்டோரேஜ் உள்ள பழைய போன். பிளவுஸ் மாதிரி, அளவு, கணக்கு எல்லாம் அதில்தான். மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதுவும் அதே போனில்தான்.

பெண் பெயர், மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எண் எல்லாம் நிதானமாக நிரப்புவாள். சான்றிதழைப் போட்டோ எடுக்கக் கேமராவுக்குப் போய்விட்டுத் திரும்புவாள். பார்த்தால் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும்! இப்படி நாலு தடவை. கடைசித் தேதிக்கு மூன்றே நாள். வீட்டில் ஒரே அழுகை.

பஜாரில் ஒரு போன் கடையில் கேட்டிருக்கிறார்கள். "இதெல்லாம் பழசும்மா, தூக்கிப் போடுங்க. இது 16 ஜி.பி. ராம், பறக்கும்" என்று ஒன்றை எடுத்துக் காட்டி, மாதம் ஆயிரத்து ஐந்நூறு, பத்து மாதத் தவணை என்று சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார் என்னிடம் போனில், "மதினி, காலேஜ் பீஸுக்கு எடுத்து வச்சதுல முதல் தவணையைக் கட்டிரவா?" என்று கேட்டாள். "கொஞ்சம் பொறு, நாளைக்கு நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன்.

போனைத் திறந்து பார்த்தால் 64 ஜி.பி.யில் ஒன்றரை ஜி.பி.தான் காலி! பரணில் கால் வைக்க இடமில்லை. கைமாற்று எங்கிருந்து கிடைக்கும்? முதலில் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் நீக்கினோம். பதினொரு ஜி.பி. மீண்டது. பிளவுஸ் மாதிரிகளில் வேண்டியதை மட்டும் மகளின் கூகுள் கணக்கில் ஏற்றி வைத்தோம். அதன் பிறகு வர்ச்சுவல் மெமரியில் 2 ஜி.பி.யைத் தேர்ந்தெடுத்து, போனை அணைத்துப் போட்டோம்.

"அத்தை, இப்ப நில்லுங்க, பாப்போம்" என்று பெண் விண்ணப்பத்தைத் திறந்தாள். கேமராவுக்கு மூன்று தடவை போய் வந்தாள். மூன்று தடவையும் நிரப்பியது நிரப்பியபடியே இருந்தது. அன்று சாயங்காலமே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கல்லூரிக் கட்டணப் பணமும் கல்லூரிக்கே போயிற்று.

இன்னொன்றும் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளை வைத்துக் கொண்டு, வாட்ஸ்அப் திறக்க எவ்வளவு நேரம் என்று எண்ணினேன். இடம் ஒழிப்பதற்கு முன்னால் ஏழு வினாடி. ஒழித்த பிறகு நாலு வினாடி. வர்ச்சுவல் மெமரியைப் போட்டபோதும் அதே நாலுதான். அப்போது வேகம் எங்கிருந்து வந்தது? பரணைச் சுத்தம் செய்ததிலிருந்து! விண்ணப்பம் அழியாமல் நின்றதற்குத்தான் கைமாற்று உதவியது.

நீங்கள் செய்ய வேண்டியது

வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. முதலில் இடம் எவ்வளவு காலி என்று செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதியில் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் போனுக்குத் தொல்லை வரலாம் என்று ஆண்ட்ராய்டை நடத்தும் கூகுளே சொல்கிறது. 64 ஜி.பி. போனில் ஆறேழு ஜி.பி.யாவது காலியாக வையுங்கள்.

2. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. பெரிய வீடியோக்களையும் பலமுறை பார்வர்ட் ஆனவற்றையும் தனியாகப் பிரித்துக் காட்டும். பார்த்துப் பார்த்து நீக்குங்கள். கேலரியில் நீக்கியவை உடனே போய்விடாது; பல போன்களில் முப்பது நாள் குப்பைக் கூடையில் கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

3. ஆறு மாதமாகத் தொடாத ஆப்களை எடுத்துவிடுங்கள்.

4. அப்புறம் வர்ச்சுவல் மெமரி. சாம்சங்கில் செட்டிங்ஸ், 'டிவைஸ் கேர்', 'மெமரி', அதன் அடியில் 'ராம் பிளஸ்'. ஷாவ்மி, ரெட்மியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' உள்ளே. ஓப்போ, ரியல்மியில் 'அபவுட் டிவைஸ்' போய் ராம் என்ற இடத்தைத் தொட வேண்டும். விவோவில் 'ராம் அண்ட் ஸ்டோரேஜ்' என்ற பகுதி. மாடலுக்கு மாடல் இடம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே தேடும் கட்டத்தில் ராம் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், தானே காட்டும்.

5. 4 ஜி.பி. போனுக்கு 2 அல்லது 4 ஜி.பி. போதும். இருக்கிறதே என்று 8 ஜி.பி. கொடுத்தால் அவ்வளவும் உங்கள் போட்டோ வைக்கும் இடத்திலிருந்துதான் போகும். 8 ஜி.பி. நிஜ ராம் உள்ள போனா? நம் வீட்டு உபயோகத்துக்கு இது இல்லாமலே நன்றாக நடக்கும். நிறுத்தி வைத்தாலும் குறைவில்லை.

6. போட்ட பிறகு போனை ஒரு தரம் அணைத்துப் போடுங்கள். ஒரு வாரம் உபயோகித்துப் பாருங்கள். முன்னைவிடத் தடுமாறினால் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதால் போட்டோவோ நம்பரோ அழியாது.

"ஸ்டோரேஜ் தேய்ந்து போகுமே?" என்று ஒரு சகோதரி கேட்டார். அந்த வகைச் சிப்பில் எழுதி அழிப்பதற்கு ஒரு கணக்கு உண்டுதான். சாதாரணமாகப் பேச, படம் பார்க்கப் பயன்படுத்தும் நாம் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் தேவையில்லாமல் போட்டு வைக்கவும் வேண்டாம்.

செய்யக் கூடாதது

ராமை ஏற்றித் தருகிறோம், போனைப் பறக்க வைக்கிறோம் என்று விளம்பரத்தில் வரும் ஆப்களைத் தொடாதீர்கள். போனில் இல்லாத ராமை எந்த ஆப்பும் கொண்டு வர முடியாது. அதுவும் ஒரு மேடையில்தான் உட்கார வேண்டும், நம் மேடையில்தான்! அதைவிட மோசம், வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி இறக்கச் சொல்பவை. எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் பேங்க்கிலிருந்து வரும் ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போகும். மகளிர் உரிமைத் தொகை விழும் கணக்கும், குழுப் பணம் இருக்கும் கணக்கும் அதே போனில்தானே இருக்கின்றன? அப்படி யாராவது மாட்டிக் கொண்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர் குற்றங்களில் பணம் போனதைச் சொல்லும் எண் அது. அடுப்படிக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

'கிளியர் கேஷ்' வேறு, 'கிளியர் டேட்டா' வேறு. முதலாவது மேலோட்டமாகத் தூசி தட்டுவது. இரண்டாவது வீட்டையே காலி செய்வது. வாட்ஸ்அப்பில் பேக்கப் எடுக்காமல் இரண்டாவதைத் தட்டினால் பேச்சு எல்லாம் போய்விடும்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எல்லா ஆப்களையும் மேலே தள்ளித் தள்ளி மூடுவது. விறகடுப்பில் சமைத்தவர்களுக்குத் தெரியும், தணல் இருக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு மறுபடி பற்ற வைத்தால் எவ்வளவு விறகு செலவாகும் என்று. போனும் அப்படித்தான். முழுசாக மூடியதை மறுபடி திறக்கத்தான் அதிக உழைப்பு. சிக்கிக் கொண்ட ஆப்பை மட்டும் மூடினால் போதும். வாரத்துக்கு ஒரு நாள், எண்ணெய்க் குளியல் அன்றைக்கு என்று வைத்துக் கொள்ளுங்களேன், போனையும் ஒரு தரம் அணைத்துப் போடுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

போன் தரையில் விழுந்து உடைந்தது, வேறு வழியில்லை என்றால் வாங்கத்தான் வேண்டும். அப்போது பெட்டியில் '8 + 8' என்று போட்டிருந்தால், முதல் 8 தான் நிஜ ராம். பின்னால் வருவது பரணிலிருந்து வாங்கும் கைமாற்று. இரண்டையும் கூட்டி '16' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். "நிஜ ராம் எத்தனை, அதை மட்டும் சொல்லுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன, பணம் நம்முடையது அல்லவா?

இரண்டாவது கேள்வி, "ஸ்டோரேஜ் என்ன வகை? யு.எப்.எஸ்.ஸா, இ.எம்.எம்.சி.யா?" யு.எப்.எஸ். வேகமானது. இ.எம்.எம்.சி. பழைய வகை, மலிவு போன்களில் வரும். கைமாற்று கொடுக்கும் பரணே மெதுவாக இருந்தால் கைமாற்றும் மெதுவாகத்தான் வரும். 6 ஜி.பி. நிஜ ராமும் 128 ஜி.பி. யு.எப்.எஸ். ஸ்டோரேஜும் இருந்தால் வாட்ஸ்அப், பேங்க், பிள்ளைகளின் பாடம் எல்லாவற்றுக்கும் தாராளம்.

2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகம் முழுக்க மெமரி சிப் விலை ஏறியது. ஏ.ஐ. வேலைக்கான பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் அள்ளிக் கொண்டு போனதுதான் முக்கியக் காரணம். நிஜ ராம் விலை கூடக் கூட, பெட்டியின் மேல் பொய்க் கூட்டல் போடுகிற ஆசையும் கூடத்தானே செய்யும்? ஆகவே இனிமேல்தான் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கைமாற்று வாங்கிக் குடும்பத்தை ஓரிரு நாள் ஓட்டலாம். அதை வருமானமென்று எழுதி வைக்க முடியாது. இந்த வித்தியாசம் தெரிந்த நமக்கு, ராம் எது, வர்ச்சுவல் மெமரி எது என்று பிரித்துப் பார்ப்பது பெரிய காரியமா என்ன? இன்றைக்கே மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் போனை எடுத்து, முதலில் எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள். பிள்ளைகள் யாராவது விண்ணப்பம் நிரப்பப் போகிறார்கள் என்றால், சான்றிதழ்களை முன்கூட்டியே போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். பாதியில் கேமராவுக்கு ஓட வேண்டியிருக்காது.

அடுத்த இதழில், அழித்துவிட்ட போட்டோவை மீட்க முடியுமா என்று மூன்று சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள், அதைப் பார்ப்போம்.